குடும்ப ஜெபத்தில் நெளியும் பிள்ளைகள்

சகோதரி, மற்றவர்களுக்கும் புரிய உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரியில் இருக்கிறீர்கள். கணவன் மனைவி இருவருக்கும் வேலை, அவருக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் நைட் ஷிப்ட். மகனுக்கு 13 வயது, மகளுக்கு 6. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து உங்களோடு இருக்கும் அத்தை தினமும் இரவு முக்கால் மணி நேரம் குடும்ப ஜெபம் நடத்துகிறார். மகள் தூங்கி விழுகிறாள், மகன் நெளிகிறான். இரண்டு மாதமாக 'போர்' என்று சொல்லி அவன் சர்ச்சுக்கும் வருவதில்லை. பிள்ளைகள் விசுவாசத்தில் வளர வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள்.

நான் போதகர் இல்லை. சைதாப்பேட்டையில் 22 வருடம் சண்டே ஸ்கூல் எடுத்தவன். இரண்டு பிள்ளைகளை வளர்த்தவன், அதில் நிறைய சொதப்பியவன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

நேர விஷயம் சுலபமானது. முக்கால் மணி நேரம் 6 வயதுக்கு மிக அதிகம், பத்து நிமிடம் போதும். பாட்டு ஒன்று, வேதபாடம் கொஞ்சம், ஜெபம் கொஞ்சம், முடிந்தது. அத்தைக்கு இன்னும் ஜெபிக்க வேண்டுமானால் பிள்ளைகள் படுத்த பிறகு நிம்மதியாக ஜெபிக்கலாம். ஆனால் பத்து நிமிடமாகக் குறைத்தும் பிள்ளைகள் நெளிகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். என் வீடே அப்படித்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் எட்டரை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னால், பாய் விரித்து உட்காருவோம். கடைசி ஜெபம் என்னுடையது. "ஆண்டவரே, இந்தப் பிள்ளை கணக்கில் கவனமாக இருக்க உதவி செய்யும். தங்கச்சியோடு சண்டை போடாதபடி நல்ல புத்தியைக் கொடும். எந்நேரமும் டிவி பார்க்கிற ஆவியை அவனைவிட்டு எடுத்துப்போடும்." தினமும் ஏறக்குறைய இதேதான். ஒரு நாள், அப்போது மகனுக்கு 11 வயது, ஜெபத்தின் நடுவிலேயே கண்ணைத் திறந்து கேட்டான்: "அப்பா, நீங்க இயேசப்பாகிட்ட பேசுறீங்களா, என்கிட்ட பேசுறீங்களா?"

என் மனைவி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஜெபத்தில் குறுக்கே பேசக்கூடாது என்று அதட்டிவிட்டு மிச்சத்தை முடித்தேன். ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. பையன் கேட்டது சரிதான். நேருக்கு நேர் திட்டினால் பதில் பேசுவான் என்று, ஆண்டவரைச் சாட்சிக்கு நிறுத்தி, கண்ணை மூடவைத்து, பதில் பேச முடியாத நேரம் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அதுமட்டுமில்லை, அத்தனை வருட ஜெபத்தில் எனக்காக நான் கேட்டது எதுவும் அவன் காதில் விழுந்ததே இல்லை. அப்பாவுக்கு ஆண்டவர் தேவையே இல்லை, எனக்குத்தான் ரிப்பேர் வேலை நிறைய இருக்கிறது என்றுதான் அவன் நினைத்திருப்பான்.

சில நாள் கழித்து அலுவலகத்தில் ஒரு இளைஞனை எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். ஃபைலைத் தொலைத்தது நான், பழி அவன் மேல். அன்று இரவு ஜெபத்தில் வாய்விட்டுச் சொன்னேன்: "ஆண்டவரே, இன்றைக்குத் தப்பு செய்தது நான். நாளைக்கு அவனிடம் மன்னிப்புக் கேட்கத் தைரியம் கொடும்." சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் மாலை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகன் ஓடி வந்தான்.

"கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அவன் இன்று லீவு என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. "இல்லடா, இன்னும் கேட்கல" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை, போய்விட்டான். அதற்கடுத்த நாள் டீக்கடையில் அந்த இளைஞனைப் பிடித்துக் கேட்டேன். அவன் கூச்சத்தில் நெளிந்து, எனக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்துவிட்டான். வீட்டில் அதைச் சொன்னேன். ஒரு வாரம் இருக்கும், யாரும் கேட்காமலே மகன் ஜெபத்தில் வாய் திறந்தான். நண்பனுடைய காம்பஸை உடைத்தது தான்தான் என்றும், வேறு ஒருத்தன் உடைத்ததாகச் சொல்லிவிட்டதாகவும் சொன்னான். அவனைத் திட்டாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திட்டியிருந்தால் அதுதான் அவன் சத்தமாகச் செய்த கடைசி ஜெபமாக இருந்திருக்கும்.

ஆகவே நான் முதலில் சொல்வது இதுதான். பிள்ளைகளின் காது கேட்க உங்களுக்காக ஜெபியுங்கள். மேலதிகாரியின் மேல் உள்ள எரிச்சல், கடன் கட்டுகிற கவலை, கணவரோடு போட்ட வாக்குவாதம் என்று அந்த வயது தாங்குகிற அளவுக்குச் சொன்னால் போதும். எல்லாக் கதையையும் கொட்டி அவர்களைப் பயமுறுத்த வேண்டாம். பிள்ளைகளுக்காக ஜெபிக்காமல் இருக்கச் சொல்லவில்லை. அவர்கள் முன்னால் நன்றி சொல்லி ஜெபியுங்கள். குறைகளைப் பற்றிய ஜெபத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குப் போதிப்பதைப் பற்றி உபாகமம் ஆறாம் அதிகாரத்தை எல்லாச் சபைகளிலும் பிரசங்கிக்கிறார்கள். "நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்" பேசு என்கிறது. இதில் கூட்டம் எதுவும் இல்லை. எல்லாம் சும்மா இருக்கிற நேரம். அதற்கு முந்தின வசனம், இந்த வார்த்தைகள் முதலில் 'உன் இருதயத்தில்' இருக்கவேண்டும் என்கிறது. பிள்ளைக்கு வருவது அதற்கப்புறம்தான்.

நம் ஊரில் வழியில் நடப்பது எங்கே, எல்லாம் டூவீலர்தான். அதிலும் ஒரு வசதி இருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு உங்கள் முகம் தெரியாது, அதனால் வீட்டில் கேட்கத் தயங்குவதை அங்கே கேட்கும். விஜயநகர் சிக்னலில் நிற்கும்போது என் மகள் ஒரு தடவை கேட்டாள்: "எதிர்வீட்டு அக்கா சர்ச்சுக்கு வர்றதில்ல. அவங்க நரகத்துக்குப் போவாங்களா?" அந்த அக்காதான் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறவர், தீபாவளிக்கு முதல் தட்டு அனுப்புகிறவர். நான் சொன்னது: "தீர்ப்பு சொல்ற வேலை என் கையில இல்ல, இயேசப்பா கையில. அவர் எவ்வளவு இரக்கமானவர்னு உனக்கே தெரியும்." அந்த வருடக் கிறிஸ்மஸுக்குக் குல்குல்லும் கேக்கும் வைத்த தட்டை எதிர்வீட்டுக்கு அவளே கொண்டுபோனாள். என் பதிலில் உங்களுக்குச் சம்மதம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் அடுத்தவர் சாமியைக் கேலி செய்து தன் பிள்ளைக்கு விசுவாசம் ஊட்டலாம் என்று நினைக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பிள்ளை அந்தக் கேலியை மட்டும் கற்றுக்கொண்டு வளர்வதைப் பார்த்திருக்கிறேன்.

வேதபாடத்துக்கு மாற்குவை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரம், ஒன்று முடிவதற்குள் அடுத்தது என்று சம்பவம் சம்பவமாக ஓடும். நாளுக்குப் பத்து வசனம் படித்தால் இரண்டரை மாதத்தில் முடிந்துவிடும். படித்து முடித்ததும் 'இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அது பள்ளிக்கூடக் கேள்வி. கீழ்ப்படிய வேண்டும், பொய் சொல்லக்கூடாது என்று பள்ளிக்கூடப் பதில்தான் வரும். 'இதில் உனக்குப் பிடிக்காதது எது, புரியாதது எது' என்று கேளுங்கள். ஐந்தாம் அதிகாரத்தில் லேகியோன் என்ற பிசாசுக் கூட்டம் பன்றிகளுக்குள் புகுந்து, ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் கடலில் பாய்ந்து சாகும். என் வகுப்பில் ஒரு குட்டிப் பெண் கை தூக்கி, "பன்னிக்காரருக்கு யாரு சார் காசு குடுத்தா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். மற்ற கதைகளை எல்லாம் அவள் மறந்திருக்கலாம், அந்தப் பன்றிகளை மறந்திருக்க மாட்டாள்.

சென்னையில் இன்னொரு சிக்கல் பாஷை. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் வேதாகமம் எழுத்துக்கூட்டினால்தான் வரும், வந்தாலும் புரியாது. நம் பழைய மொழிபெயர்ப்பு 1871-இல் வந்தது. 'உண்டாவதாக', 'இருக்கக்கடவது' எல்லாம் நமக்குப் பாட்டி குரலில் கேட்டுப் பழகியவை, அவர்களுக்கு அந்நியம். அதற்காகச் சண்டை வேண்டாம். மகன் இங்கிலீஷில் படிக்கட்டும், நீங்கள் அதையே தமிழில் படியுங்கள். எளிய தமிழ் வேண்டுமானால் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995-லிருந்து இருக்கிறது. ஆனால் 23-ஆம் சங்கீதத்தை மட்டும் பழைய தமிழிலேயே மனப்பாடமாகக் கொடுத்துவிடுங்கள். அர்த்தம் பிறகு வரும். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிற ஒரு ராத்திரியில் மொபைலைத் தேடாமல் வாயில் வருவது அதுவாக இருக்கவேண்டும்.

இந்த வேலைக்கு உங்கள் அத்தையைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. திருநெல்வேலி அம்மாக்களுக்குக் கீர்த்தனை புத்தகம் பார்க்காமல் வரும். முக்கால் மணி ஜெபத்தை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வெறுங்கையோடு உட்காரவைத்தால் மனம் நோகும். அதற்குப் பதிலாக மகளைத் தூங்கவைக்கும் நேரத்தை அவருக்குக் கொடுங்கள். ஒரு பாட்டு, ஊர்க்கதை ஒன்று, ஒரு வரி ஜெபம். உங்கள் மாமனார் வேலை இழந்த வருடத்தை எப்படிக் கடந்தார்கள், எந்தக் குழந்தை பிழைக்காது என்று டாக்டர் சொன்னார் என்பது போன்றவை அவரிடம்தான் இருக்கும், எந்த வி.பி.எஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) புத்தகத்திலும் இருக்காது. தன் இளம் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அப்போஸ்தலன் பவுல் பாட்டி லோவிசாளின் விசுவாசத்தைச் சொல்கிறார், தாய் ஐனிக்கேயாளின் விசுவாசத்தைச் சொல்கிறார், தகப்பனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் கிரேக்கர் என்று மட்டும் அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறது. நைட் ஷிப்ட் வாரத்தில் கணவர் இல்லையே என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை. அவர் கேப் ஏறும் முன் இரண்டு நிமிடம் பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனால் போதும்.

உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னைக் கொஞ்சம் கலங்கவைத்தது. மகள் சொன்னது கேட்காவிட்டால் 'இயேசப்பா அழுவாரு' என்று சொல்லுவோம் என்று எழுதியிருந்தீர்கள். 'சாமி கண்ணைக் குத்தும்' என்று ஊரெல்லாம் சொல்கிறதே, அதற்கு நாம் ஞானஸ்நானம் கொடுத்து வைத்திருப்பது இது. சோறு சாப்பிட வைக்க அது உடனே பலிக்கும். ஆனால் பெரியவளாகி நிஜமாகவே ஒரு தப்பு செய்யும் நாளில், அழுதுகொண்டிருக்கும் ஒருவரிடம் அவள் எப்படிப் போவாள்? மறைந்துகொள்ளத்தான் பார்ப்பாள். சோறு ஊட்டுகிற வேலையை நாமே பார்த்துக்கொள்வோம்.

மார்க்கும் அப்படித்தான். பொதுத்தேர்வு சமயம் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் வைத்து ஜெபிக்கிறோம், வருடப் பிறப்பில் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையைப் பாக்ஸில் வைத்து அனுப்புகிறோம். தப்பில்லை, நானும் செய்திருக்கிறேன். ஆனால் 'நிச்சயம் நல்ல மார்க் கொடுப்பார்' என்று ஆண்டவர் சார்பில் நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கக்கூடாது. நீட்டில் தேறாத ஒரு பெண், மார்க் போனதற்கு அழவில்லை, ஆண்டவர் கைவிட்டுவிட்டார் என்று அழுதாள். ஒரு வருடம் சர்ச் பக்கமே வரவில்லை. பயமில்லாமல் எழுத, காப்பி அடிக்காமல் எழுத, எந்த ரிசல்ட் வந்தாலும் வீட்டுக்கு நிம்மதியாகத் திரும்பி வர ஜெபியுங்கள். கடைசியாகச் சொன்னது உங்கள் கையில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஞாயிறு காலை கோச்சிங் வந்தால் என்ன செய்வது என்று எல்லாரும் கேட்கிறார்கள். சர்ச்சில் அதிகாலை ஆராதனை இருந்தால் அதற்குப் போகலாம். கத்தோலிக்கக் குடும்பங்களுக்குச் சனி மாலைத் திருப்பலியே ஞாயிறுக் கணக்கில் சேரும். இரண்டுக்கும் வழியில்லாத வருடம் வந்தால், இந்த வருடம் நாம் இப்படி முடிவு செய்கிறோம் என்று பிள்ளையோடு பேசி முடிவு செய்யுங்கள். பேசாமல் விட்டால், எது முக்கியம் என்பதை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும்.

இனி மகன். 13 வயதில் 'போர்' என்றால் பல அர்த்தம். பிரசங்கம் நீளம் என்று இருக்கலாம், அங்கே அவனுக்கு நண்பன் இல்லை என்று இருக்கலாம், நம்பிக்கையே ஆட்டம் கண்டிருக்கிறது, அதைச் சொல்லப் பயம் என்றும் இருக்கலாம். எது என்று கேட்காமல் மருந்து கொடுக்க முடியாது. முதல் இரண்டுக்கும் எனக்குத் தெரிந்த வைத்தியம் வேலை கொடுப்பதுதான். சவுண்ட் மிக்சரில் ஒரு பையனை உட்காரவைத்தோம். வகுப்பில் ஒரு வருடம் வாயே திறக்காதவன், ஆராதனைக்கு அரை மணி முன்னால் வந்து ஒயர் மாட்டிக்கொண்டிருப்பான். 2015 டிசம்பரில் அடையாறு பெருகிச் சைதாப்பேட்டைக் குடிசைகளுக்குள் புகுந்த வாரம், சாப்பாட்டுப் பொட்டலம் கட்டியதில் பாதி என் வகுப்புப் பையன்கள். சர்ச்சுக்கு வரச் சொன்னால் நொண்டிச் சாக்குச் சொல்கிறவர்கள், இடுப்பளவுத் தண்ணீரில் போக அடம்பிடித்தார்கள். போகவிடாமல் நிறுத்துவதுதான் எங்களுக்கு வேலையாக இருந்தது.

மூன்றாவதாக இருந்தால் பதற்றப்படாதீர்கள். நம் சென்னையின் அப்போஸ்தலர் யார்? தோமா. சாந்தோம், சின்னமலை, பரங்கிமலை எல்லாம் அவர் பேர் சொல்லித்தான் நிற்கின்றன. ஆணி அடித்த காயத்தில் விரலை இட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சொன்னவர் அவர். யோவான் 20-ஐ நிதானமாகப் படியுங்கள். தோமா அப்படிச் சொன்னதற்கும் இயேசு மறுபடி வந்ததற்கும் நடுவில் எட்டு நாள். அந்த எட்டு நாள் கழித்தும் அவர் மற்றச் சீஷர்களோடு அதே வீட்டுக்குள்தான் இருக்கிறார். அவரை யாரும் வெளியே தள்ளவில்லை, அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. உங்கள் மகனுக்கு எட்டு நாளுக்குப் பதில் எட்டு வருடம் ஆகலாம். அதுவரை அவனுக்கு வீட்டில் இடம் இருக்கவேண்டும். பாட்டுக்கு வாய் அசைக்காவிட்டாலும் பாயில் வந்து உட்காருகிறானா, விடுங்கள்.

'பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து' என்ற நீதிமொழியைக் காட்டி, வழி தவறிய பிள்ளையின் பெற்றோரைக் குற்றம் சொல்கிற வழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. நீதிமொழி பொதுவாக நடப்பதைச் சொல்கிறது, கியாரண்டி கார்டு கொடுப்பதில்லை. ஆசாரியன் ஏலியின் பிள்ளைகள் கெட்டுப்போனதற்கு வேதாகமம் ஏலியைக் கடிந்துகொள்கிறது. ஆனால் தீர்க்கதரிசி சாமுவேலின் பிள்ளைகளும் பரிதானம், அதாவது லஞ்சம், வாங்கினார்கள், அதற்குச் சாமுவேலை ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிறு சாயங்காலம் மகனை மட்டும் கூட்டிக்கொண்டு பரங்கிமலை ஏறுங்கள். உங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தில்தான். நூற்றுச் சொச்சம் படி, 18-ஆம் நூற்றாண்டில் பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி கட்டிக் கொடுத்தது. மேலே ஆலயத்தில், 1547-இல் போர்ச்சுக்கீசியர் கண்டெடுத்த கற்சிலுவை இருக்கிறது, சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து. கி.பி. 52-இல் தோமா இந்தியாவுக்கு வந்தார், 72-இல் இந்த மலையில் குத்திக் கொல்லப்பட்டார் என்பது மரபு. எல்லாச் சரித்திரக்காரர்களும் அதை ஒப்புக்கொள்வதில்லை என்பதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள், பிறகு வேறு எங்கேயோ படித்து நீங்கள் மறைத்ததாக நினைக்க வேண்டாம். மேலே நின்றால் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவது தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே நில்லுங்கள், நீங்களாக எதையும் ஆரம்பிக்காதீர்கள். அவன் பேசினால் பேசட்டும், பேசாவிட்டால் கீழே வந்து ஏதாவது வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள். அடுத்த தடவை மகளையும் அத்தையையும் கூட்டிப் போகலாம். அத்தைக்கு முட்டி வலி என்றால் பின்பக்கம் மலை உச்சிவரை ரோடு இருக்கிறது, ஆட்டோ போகும்.